ஒத்த ஊசி அக்கா

அக்காவுக்குத் தன் கையைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வந்தது கிடையாது. மற்றதில் எல்லாம் வரும். சமையல் அவளுக்குப் படியாது. வழி கேட்டால் இடதையும் வலதையும் மாற்றிச் சொல்லி ஆளை அலைய விடுவாள். பெற்ற மகளின் வயதைக்கூட விரல் விட்டு எண்ணித்தான் சொல்வாள். ஆனால் ஒரு கிலோகூடத் தேறாத குழந்தையின் காலில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை நிறுத்தாமலே விரலை வைத்துவிடுவாள். விரல் வைத்த இடத்தில் நரம்பு இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதே வார்டுதான். மாதம் நிறையாமல் பிறந்தவை, பிறந்த கையோடு மூச்சு முட்டியவை, குடல் சரியில்லாதவை என்று இருபது கண்ணாடிப் பெட்டிகளில் இருபது உயிர்கள். பால் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குச் சத்தும் மருந்தும் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு நூல் போன்ற ஒரு குழாயை முழங்கை மடிப்பிலோ கணுக்காலிலோ ஊசி வழியாக உள்ளே விட்டு, இதயத்துக்குப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வார்டில் அதற்கு நீளக் குழாய் என்று பெயர். கேட்க எளிதாகத்தான் இருக்கும். போடுகிறவருக்கல்லவா தெரியும்! அந்தக் குழந்தையின் நரம்பு குழாயைவிட ஒரு முடியளவுதான் பெரியது. கொஞ்சம் அழுத்தினால் கிழிந்துவிடும், கொஞ்சம் தயங்கினால் சுருங்கிக்கொள்ளும்.

டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கையை விரித்த குழந்தை என்றால் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து, இளஞ்சூட்டுத் துணியால் அந்தக் காலைப் பொத்தி வைத்து, குழந்தையோடு ஊர்க்கதை எல்லாம் பேசி, ஒரே ஊசியில் போட்டு முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிற ஆள் வரைக்கும் அவளுக்கு ஒத்த ஊசி அக்கா என்றே பேர். அந்தப் பேரைக் கேட்டால் அவள் மூக்கு லேசாக விடைக்கும். மறைக்கவும் மாட்டாள்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊசி தோலுக்குள் போய், ரத்தம் எட்டிப் பார்க்காமல் வெளியே வந்தால், அது எண்ணிக்கையில் சேராது. அதைக் 'கேட்டுப் பார்த்தது' என்பார்கள். நரம்பே, இருக்கிறாயா என்று கேட்டோம், இல்லை என்றது, அவ்வளவுதானே? ரத்தம் வந்தால்தான் அது ஊசி. இதை யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. பெரிய டாக்டர் பயிற்சிக்கு வந்து ஊசி பிடிக்கக் கற்றதும் இதே வார்டில், இதே வழக்கத்தில்தான். அதில் ஒரு பொய் இருப்பதாக ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊசி போடும்போது குழந்தைக்கு வலி தெரியாமல் இருக்க, நாக்கு நுனியில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். மாயமில்லை, மருத்துவம்தான், அந்த இனிப்பில் குழந்தை கொஞ்சம் அடங்கும். அந்த வேலை அக்காவோடு ஒரே வருடத்தில் சேர்ந்த இன்னொரு நர்சுடையது. அவளுக்குப் பேர் சொட்டு. அதிகம் பேசாத ஆள். ஒரு நாளைக்கு இத்தனை சொட்டுக்கு மேல் ஆகாது என்று வரம்பு இருப்பதால், ஒவ்வொரு சொட்டையும் நேரம் போட்டு ஒரு தாளில் எழுதி வைப்பாள். பூகம்பம் வந்தாலும் எழுதிவிட்டுத்தான் வெளியே ஓடுவாள் என்று அக்கா கிண்டல் பண்ணுவாள். சொட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்கேன் டாக்டர் வந்து சேர்ந்தார்.

வேறொரு ஆஸ்பத்திரியில் படித்து முடித்து வந்தவர். ஒல்லியான ஆள், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூச்சம். கூடவே சக்கரம் வைத்த ஒரு மெஷின். ஸ்கேன் மெஷின்தான், ஆனால் கைப்பிடி கட்டைவிரல் அளவு. அதைக் குழந்தையின் தோல்மேல் வைத்தால் நரம்பும், ஊசி முனையும், உள்ளே நகர்கிற குழாயும் திரையில் தெரியும். இனிமேல் தடவிப் பார்த்துக் குத்த வேண்டாம், பார்த்தே குத்தலாம் என்றார்.

அக்கா மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு டாக்டர். நமக்குக் கண்ணு விரல்ல இருக்கு, உங்களுக்கு டிவியில இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?" என்றாள். வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்தார், பாவம்.

மெஷின் ஆறு மாதத்துக்குத்தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு அது இங்கேயே நிற்க வேண்டுமா, வேண்டும் என்று ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். பெரிய டாக்டர் வாய்ப்பேச்சை நம்பாத அம்மா. எது நல்ல முறை என்று வாதம் பண்ணாதீர்கள், போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அறுபது குழந்தைகள். அறுபது ஒட்டிய கவர்கள். பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு கவரைப் பிரிப்பார்கள். 'கை' என்று இருந்தால் அக்கா போட வேண்டும். 'திரை' என்று இருந்தால் ஸ்கேன் டாக்டர் போட வேண்டும். எத்தனை ஊசியில் குழாய் ஏறியது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒவ்வொரு ஊசியும் குழந்தைக்கு ஒரு வலி, கிருமி நுழைய ஒரு வாசல். குறைவாகக் குத்துகிற முறை எதுவோ அதுவே வார்டின் முறை. போட்டவர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், அது படிவத்தில் ஏறும்.

அக்கா இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். அவளுக்கு ஸ்கேன் டாக்டர்மேல் பகை ஒன்றும் இல்லை. நல்ல பையன் என்றுதான் வீட்டில் சொன்னாள். ஆனால் விரலால் இருபத்திரண்டு வருடம் கண்டுபிடித்த நரம்பை ஒரு பெட்டி வந்து காட்டித் தர வேண்டுமா? அது மட்டும் அவளுக்கு ஆகவில்லை.

மாதங்கள் ஓடின. கவர் மேல் கவராகப் பிரிந்தது. அக்காவின் படிவங்களில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று போயிற்று. மூன்றே குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு. ஸ்கேன் டாக்டரின் படிவத்தில் ஒன்று வரும், இரண்டு வரும், மூன்றுகூட வரும். அவர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு எண்ணிக்கையைச் சொல்வார். அக்கா அவர் தோளைத் தட்டாத குறையாக, பரவாயில்லை டாக்டர், பழகப் பழக வந்துவிடும் என்பாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்ததை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அறுபதாவது கவர் ஒரு புதன்கிழமை காலையில் பிரிந்தது. 'கை'.

ஏழாம் நம்பர் பெட்டியில் இருந்த பெண் குழந்தை. மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்டது. எடை தொள்ளாயிரம் கிராம். அம்மாக்காரி பாத்திரக் கடையில் பில் போடுகிற பெண். அதிர்ந்து பேச மாட்டாள். வார்டு விதிப்படி குழாய் போடும் நேரத்தில் அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு நரம்பு கொஞ்சம் முரண்டு பிடித்தது. அக்கா இடது கணுக்காலில் கேட்டுப் பார்த்தாள், இல்லை. கொஞ்சம் மேலே கேட்டுப் பார்த்தாள், இல்லை. வலது காலில் ஒரு தடவை கேட்டாள். "அடியே சின்னவளே, எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே அடுத்ததைப் போட்டாள். பளிச்சென்று ரத்தம் வந்தது, குழாய் வழுக்கிக்கொண்டு ஏறியது. எக்ஸ்ரேயில் முனை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "எத்தனைக்கா?" என்று படிவம் வைத்திருந்தவள் கேட்டாள். "ஒண்ணு" என்றாள் அக்கா.

மதியம் அம்மாக்காரியை உள்ளே விட்டார்கள். அவள் கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் சின்னக் கதவு வழியாகக் கையை விட்டு, குழந்தையின் பாதத்தைச் சுண்டுவிரலால் தூக்கினாள். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுத்த பெட்டியில் நின்ற அக்காவைப் பார்த்து, இந்தப் புள்ளியெல்லாம் என்ன என்று கேட்டாள். சிவப்பாக, கடுகு அளவில் நான்கு இருந்தன.

அக்கா சிரித்த முகத்தோடு வந்தாள். இதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. "ஊசி ஒண்ணுதாம்மா. மத்த மூணும் சும்மா கேட்டுப் பாத்தது."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். குழந்தையின் காலை மெத்தையில் வைத்தாள். சண்டைக்கு வருகிற குரல் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"கேட்டுப் பாத்தப்போ அவளுக்கு வலிக்கலையா சிஸ்டர்?"

வலித்திருக்காது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மருந்து பார்க்கணும்மா என்று எதையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு எரிச்சல். கையுறைப் பெட்டியை மேலே வைத்தது யார் என்று கத்தினாள், மேலே வைத்தது அவளேதான். அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. உயிரைக் காப்பாற்றி வைத்தால் புள்ளியை எண்ணுகிறாள் பார்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கொட்டினாள். அவர் தையல்காரர், முன்னறையில்தான் கடை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஊசிதான் சோறு போடுகிறது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவர் மேஜையில் ஒரு மழைக்கோட்டு விரிந்து கிடந்தது. தலையை நிமிர்த்தாமலே, "விடு, பெத்தவளுக்குப் பதட்டம் இருக்கத்தான் செய்யும். அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார். அவள் எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் ஆறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு துண்டுத் துணியில் நான்கு தையல் ஓட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. நூலை மாற்றி மறுபடியும் துண்டிலேயே ஓட்டினார். கோட்டைத் தொடவே இல்லை. சாதாரணமாக அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, நேராகத் துணியில் ஓட்டிவிட்டுச் சரியில்லாவிட்டால் பிரிப்பார். ஏன் இன்றைக்கு இவ்வளவு ஜாக்கிரதை என்று அக்கா கேட்டாள்.

"சட்டைன்னா பிரிச்சுத் தச்சுக்கலாம், துணி மூடிக்கும். இது ரப்பர் பூசுனது. தப்பாக் குத்திட்டு நூலை உருவிட்டாலும் ஓட்டை அப்படியே நிக்கும். நான் குத்தவே இல்லைன்னு சொல்லிக்கலாம். மழை வந்தா அது எண்ணிக் காட்டிடும்" என்றார் அவர், ஊசிக் காதில் நூலைக் கோர்த்துக்கொண்டே.

அவர் மழைக்கோட்டைப் பற்றித்தான் சொன்னார். அக்காவுக்குத்தான் அந்த நான்கு சிவப்புப் புள்ளிகள் கண்ணில் வந்து நின்றன. கேட்டுப் பார்த்தது, கேட்டுப் பார்த்தது என்று இத்தனை வருடத்தில் எத்தனை காலில் கேட்டிருப்பாள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கியது. ஸ்கேன் டாக்டர் வேறு இடத்திலிருந்து வந்தவர். இந்த வார்டின் வழக்கத்தை அவருக்கு யாராவது சொன்னார்களா? அக்கா சொல்லவில்லை. பெரிய டாக்டர் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லித் தருவார்களா என்ன? அப்படியானால் அவர் எண்ணினது எதை?

வெள்ளிக்கிழமை கூட்டம். அன்றைக்கு எண்ணிக்கையைப் படித்து, மெஷினை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு. நடுவில் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை.

வியாழன் காலை, ஷிப்டு தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே அக்கா போய்விட்டாள். சொட்டு பால் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபது குழந்தைகளின் சர்க்கரைத் தாள்களையும் எடுக்கச் சொன்னாள் அக்கா. எதற்கு என்று சொட்டு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து தாள் கட்டை எடுத்து நீட்டினாள்.

இரண்டு பேரும் சாமான் அறையில் அட்டைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து எண்ணினார்கள். ஊசி தோலைத் தொடும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சொட்டு. ரத்தம் வந்ததா வரவில்லையா என்பது சர்க்கரைத் தண்ணீருக்குத் தெரியாது, வலிக்குத்தான் சொட்டு. முதலில் ஸ்கேன் டாக்டரின் முப்பது குழந்தைகள். படிவத்தில் ஐம்பத்து நான்கு ஊசி. சர்க்கரைத் தாளில் ஐம்பத்து நான்கு சொட்டு. அந்த மனிதர் ஒன்றைக்கூட விடவில்லை.

பிறகு அக்காவின் முப்பது. படிவத்தில் முப்பத்து மூன்று. சொட்டு ஒவ்வொரு தாளாகப் படிக்கப் படிக்க, அக்கா கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கடைசித் தாள் ஏழாம் நம்பர் பெட்டி, நான்கு சொட்டு. கூட்டினால் எண்பத்தொன்று வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடியும் கூட்டினாள். எண்பத்தொன்றேதான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"நான் சொட்டைத்தான் எண்ணுவேன். ஊசியை எண்ண வேண்டியவ நீ." சொட்டு தாள்களைத் தட்டி அடுக்கினாள். கொஞ்சம் பொறுத்து, "இந்தத் தாளை யாரும் பாக்க மாட்டாங்க. அதையும் சொல்லிடறேன்" என்றாள். தோழிக்குக் கொடுக்கிற சலுகை அது, அவ்வளவுதான். மறைத்துவிடு என்றும் சொல்லவில்லை, சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை கைதட்டல் கிடைக்கும். திங்கட்கிழமை மெஷின் வண்டியேறிப் போய்விடும். ஒத்த ஊசி அக்கா ரிட்டையர் ஆகும் வரைக்கும் ஒத்த ஊசி அக்காவாகவே இருப்பாள். அந்தப் பேரை விட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அக்காவுக்கு அழுகை வந்தது. சாமான் அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதாள். சொட்டு ஒரு பஞ்சுச் சுருளை எடுத்து நீட்டினாள், அக்கா அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து நேராக ஏழாம் நம்பர் பெட்டிக்குப் போனாள்.

அம்மாக்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நாலு ஊசிம்மா. நேத்து ஒண்ணுன்னு சொன்னேன். அது தப்பு" என்றாள்.

"தெரியும் சிஸ்டர். நான்தான் எண்ணிட்டேனே" என்றாள் அந்தப் பெண்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் பெரிய டாக்டர் படிவங்களைக் கூட்டிப் போட்ட தாளைக் கையில் எடுத்தார். அக்கா எழுந்து நின்றாள். அதைப் படிக்க வேண்டாம் என்றாள். சர்க்கரைத் தாள் கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு கேட்டுப் பார்க்கிற வழக்கத்தை, அது எப்படி எண்ணிக்கையில் விழாமல் போகிறது என்பதை, முப்பத்து மூன்று எப்படி எண்பத்தொன்று ஆனது என்பதை, ஒரு மூச்சில் சொன்னாள். குனியவும் இல்லை, குழையவும் இல்லை. நோயாளியின் நிலைமையை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கிற குரலில்தான் சொன்னாள். வேணும்னு பண்ணலை, ஆனா பண்ணியிருக்கேன் என்று முடித்தாள்.

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாவும் கேட்டுப் பார்த்து வளர்ந்தவர்தானே. தன் பழைய எண்ணிக்கைகள் எல்லாம் மனதில் ஓடியிருக்கும். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நானும் ஒரு நாளும் கேட்கவில்லை என்றார். அறுபது படிவத்தையும் வெளியாள் ஒருவர் வந்து சர்க்கரைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நடந்ததை நடந்தபடியே, இந்தச் சோதனைக்கு அனுமதி கொடுத்த குழுவுக்கு எழுத வேண்டும், அது முடியும் வரைக்கும் மெஷின் எங்கேயும் போகக் கூடாது என்று சொன்னார். கேட்டுப் பார்த்தது என்ற வார்த்தையை இன்றோடு யாரும் இந்த வார்டில் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். தோலுக்குள் போனால் அது ஊசி.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஸ்கேன் டாக்டர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். இந்த வேலை எனக்குச் சரிப்படாது, வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று பெரிய டாக்டருக்கு எழுதி வைத்திருந்த கடிதம். இன்றைக்குக் கொடுப்பதாக இருந்தாராம்.

அக்கா அதை வாங்கிப் படித்தாள். ஆறு மாதமாக இந்த மனிதரின் தோளைத் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சம் வந்தால் அக்காவுக்குக் கோபமும் கூடவே வரும். "இதைக் கிழிச்சுப் போடுங்க முதல்ல. நாளைக்குக் காலையில எனக்கு அந்த மெஷினைக் காட்டிக் குடுங்க. எனக்கு டிவி பாக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

அவர் காட்டிக் கொடுத்தார். அக்காவுக்கு முதல் வாரம் திரையைப் பார்த்தால் கை நின்றுவிடும், கையைப் பார்த்தால் திரை மறந்துவிடும். ஜெல்லில் பதித்த ரப்பர் குழாயில் நாள் முழுவதும் குத்திப் பழகினாள். மூன்றாவது வாரம் பிடிபட்டது. பிடிபட்டதும் பழைய திமிர் பாதி திரும்பி வந்துவிட்டது. டாக்டர், நீங்கள் காலைச் சூடு பண்ணாமலே ஆரம்பிக்கிறீர்கள், அதனால்தான் உங்களுக்கு இரண்டும் மூன்றும் ஆகிறது என்று ஒரு நாள் அவரையே பிடித்துக்கொண்டாள். அவர் அதற்குப் பிறகு காலைச் சூடு பண்ணிவிட்டுத்தான் ஆரம்பித்தார். விரலும் வேண்டும், திரையும் வேண்டும் என்று அந்த வார்டு கற்றுக்கொண்டது இப்படித்தான். வெளியாள் வந்து சரிபார்த்த எண்ணிக்கையும் எண்பத்தொன்றும் ஐம்பத்து நான்கும்தான். மெஷின் அங்கேயே நின்றது.

ஏழாம் நம்பர் பெட்டிக் குழந்தை அதற்குள் ஒரு கிலோ முந்நூறு ஆகியிருந்தது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது பார்த்துக் குடலில் ஒரு தொந்தரவு வந்து பாலை நிறுத்தும்படி ஆயிற்று. நீளக் குழாயை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மறுபடியும் போட்டாக வேண்டும். பெரிய டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை அம்மாக்காரியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார வைக்கவில்லை. முகமூடியும் தொப்பியும் போட்டுத் தள்ளி நின்று பார்க்கட்டும் என்று அக்காவே பெரிய டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். காலைத் துணியால் பொத்திச் சூடு பண்ணினாள். கைப்பிடியை வைத்தாள், திரையில் நரம்பு கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. சொட்டு நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். அக்கா ஊசியை விட்டாள். கடைசி நொடியில் குழந்தை காலை உதறிவிட்டது. முனை நரம்பின் ஓரத்தை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. ரத்தம் வரவில்லை. அக்கா வெளியே எடுத்துவிட்டாள். பழைய நாளாக இருந்தால் இது ஒன்றுமே இல்லை.

"இன்னொரு சொட்டு" என்றாள் அக்கா. சொட்டு வைத்தாள், தாளில் எழுதினாள். அடுத்த ஊசி திரையில் வட்டத்துக்கு நடுவே போய் நின்றது. ரத்தம் வந்தது. குழாய் ஏறியது. அது உள்ளே போவதையும் இதயத்துக்கு முன்னால் நிற்பதையும் எல்லோரும் திரையில் பார்த்தார்கள்.

படிவம் வைத்திருந்தவள் எத்தனை என்று கேட்டாள். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் படிவத்தைத் தானே வாங்கி எழுதினாள். பழக்கதோஷத்தில் கை 'ஒன்று' என்று போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள், எழுதியதை வார்டுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு."

பிறகு அம்மாக்காரியைக் கிட்டே வரச் சொன்னாள். அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பெட்டியின் சின்னக் கதவு வழியாகக் கையை விட்டு, குழந்தையின் நெற்றிமேல் வைத்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். இந்தத் தடவை அவள் காலைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.